மேஜர் விரலைத் தூக்கினார்

ஜெயகிருஷ்ணன் எங்கள் எண்ணெய்க் கம்பெனியில் சேருவதற்கு முன் ஆறு ஆண்டுகள் நான்தான் அலுவலக கிரிக்கெட் அணியின் கேப்டன். அவர் வந்த மூன்றாவது ஞாயிறே பையன்கள் எங்கே நிற்பது என்று என்னிடம் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அவர் வாழ்க்கை எனக்கு மனப்பாடம். தலைநகரின் கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். கல்லூரி முடிந்ததும் ராணுவம்; மேஜராகி வெளியே வந்தவர். டீசலே உறைந்துபோகும் லடாக் குளிரில் முகாம்களுக்கு எரிபொருள் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அங்கேயும் பனியை வாரித் தள்ளிவிட்டு, தார்ப்பாய் விரித்து கிரிக்கெட் ஆடியிருக்கிறார். இதையெல்லாம் அவர் பெருமையாகச் சொன்னதில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஈரோட்டிலிருந்து தேர்வெழுதி வந்தவன். எந்த டேங்கர் லாரி எந்த டிப்போவுக்குப் போக வேண்டும் என்று பத்து வருடமாகத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த லாரியில் ஏறி மலைக்குப் போனவர் என் பக்கத்து மேசைக்கே வந்துவிட்டார்.

டேராடூனில் எண்ணெய்க் கம்பெனிகளுக்கான போட்டி வரவிருந்தது. போட்டிக்கு அணிப் பட்டியல் அனுப்பும் சுபாஷிணி, "ரத்தினவேல் சார், இந்தத் தடவை கேப்டன் யாருன்னு டீமே சொல்லட்டுமே. ஞாயித்துக்கிழமை மேட்ச் முடிஞ்சதும் கேட்டுடலாம்" என்றாள். எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் ஆட்டங்களுக்குத் தனியாக நடுவர் கிடையாது. பேட்டிங் செய்யும் அணியிலிருந்தே ஒருவர் வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்பார். அவுட்டாகி வருபவர் அதை வாங்கிக்கொள்வார்.

அந்த ஞாயிறு மேஜர் நாற்பத்தெட்டு ரன்னில் இருந்தபோது தொப்பி என் தலையில் இருந்தது. ஒரு பந்து அவர் சட்டையை உரசிக்கொண்டு கீப்பரிடம் போனது. மட்டைக்கும் பந்துக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம். எதிரணி மொத்தமும் கத்தியது. நான் விரலைத் தூக்கினேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். பேடைக் கழற்றிவிட்டு வந்து கையை நீட்டினார்.

"தொப்பியக் குடுங்கோ. ஜல்தி போய்ப் பேட் கட்டிக்கோங்கோ, அடுத்தது நீங்கதானே?"

"சட்டைல பட்டாப்லயும் இருந்துச்சுங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அச்சா" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த ஓவரிலேயே இன்னொரு விக்கெட் விழுந்து நான் இறங்கினேன். மூன்றாவது பந்து என் மட்டையின் ஓரத்தை மயிரிழை தொட்டுப் போனது. சத்தமே இல்லை, என் கைக்கு மட்டும் தெரிந்தது. கீப்பர் பந்தைப் பிடித்துவிட்டு ஒப்புக்கு ஒரு குரல் கொடுத்தான். மேஜர் விரலைத் தூக்கினார்.

நான் திரும்பி வந்தபோது எங்கள் அணிப் பையன் மது குதித்துக்கொண்டிருந்தான். "பழி வாங்கிட்டாருண்ணா! பந்து எங்க, பேட்டு எங்க! பெரிய பட்டாளத்து ஃபௌஜியாம், ஃபௌஜி!"

சுபாஷிணிகூட உதட்டைப் பிதுக்கினாள். நான் தண்ணீர் குடித்தேன். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு தண்ணீர் இனித்தது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் டீக்குக் கூடினோம். மேஜரும் வந்தார். மது நேராகவே கேட்டான்.

"சார், அண்ணன் உங்களுக்கு அவுட் குடுத்தாருன்னுதான நீங்களும் குடுத்தீங்க?"

"பட்டுது. குடுத்தேன்" என்றார் மேஜர். தன் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன்.

"பட்டுச்சுதான்" என்றேன். "எனக்குக் கையில தெரிஞ்சுது. அவரு குடுத்தது சரி."

நான் குடுத்ததுதான் தப்பு. அடுத்து அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கை தட்டிவிட்டார்கள்.

"இவருதான்யா கேப்டன்!" என்று கத்தினான் மது. "சுபா மேடம், வேற யாரையும் கேக்கவே வேணாம்!"

"இருந்தாலும் கேட்கணுமில்ல? ரத்தினவேல் சாருக்கு யாரெல்லாம்?"

எனக்காகக் கைகள் உயர்ந்தன. எல்லாவற்றுக்கும் முதலில் உயர்ந்தது ஜெயகிருஷ்ணனின் கை. முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அவர் மனதாரத்தான் தூக்கியிருந்தார். அதை எப்படிச் செய்ய முடிகிறது ஒரு மனிதனால்? அந்தக் கையை இறக்கச் சொல்லி அவர்மேல் பாய வேண்டும்போல் இருந்தது.

"தேங்க்ஸுங்க" என்றேன்.