கட்டிலுக்கு ஓர் ஆள்

வெளிநாட்டு ஆட்களை வேலைக்கு எடுக்கும் முதலாளி, கட்டிலுக்கு ஓர் ஆளைத்தான் படுக்கவைக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சலவைக் கம்பெனியிலோ கட்டிலுக்கு இரண்டு பேர். பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போனால், அந்தச் சூடு ஆறுவதற்குள் இரவு ஷிப்டுக்காரன் வந்து விழுவான். நெட்டையனுக்கும் அவன் அக்கா புருஷனுக்கும் ஒரே கட்டில். வேலை முடிந்து வருகிறவன் கட்டில் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினால், படுத்திருப்பவன் எழுந்து இடம் விட வேண்டும். அலாரம் எதற்கு?

தங்குமிடச் சோதனைக்குத் தொழிலாளர் துறை அதிகாரியம்மா வருகிறார் என்றதும் மேஸ்திரிக்குக் கை கால் ஓடவில்லை. புது மெத்தைகள் வந்து இறங்கின. கட்டில் கணக்குக்கு மேல் இருந்த பாதிப் பேரைத் துணி ஏற்றும் வேனில் அடைத்து, பின்பக்கம் வெயிலில் நிறுத்திப் பூட்டப்போனான்.

"மச்சானையாவது விட்டுடுங்கண்ணே. காய்ச்சல் கொதிக்குது," என்றான் நெட்டையன்.

"கணக்கு இடிக்கும்டா. அந்தம்மா போனதும் திறந்துடறேன். எவனாவது உளறினான்னா மொத்தப் பேருக்கும் பர்மிட் காலி. பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்."

"கொஞ்ச நேரம்தானேடா. உங்கக்காகிட்ட சொல்லித் தொலைக்காத," என்று சிரித்தபடியே மச்சான் ஏறினார்.

அதிகாரியம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம். "உன் கட்டில் எது? உட்கார்ந்து காட்டு," என்று, தமிழ் தெரியாததால், மேஸ்திரியை விட்டுக் கேட்டார். நெட்டையன் போனான். பாழாய்ப்போன கை சும்மா இருந்ததா? காலிக் கட்டிலின் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஒதுங்கி நின்றான்.

"யாரை எழுப்பறேன்னு கேக்கறாங்க," என்றான் மேஸ்திரி. பல் மட்டும் சிரித்தது.

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும், வேன் கதவு திறந்துவிடும். ஆனால் பர்மிட்? அக்கா, பிள்ளைகள்? இந்தம்மாவைச் சீக்கிரம் அனுப்பிவிட்டால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

"மூட்டைப்பூச்சிங்க. தட்டினா வெளிய வரும்."

தவளை தன் வாயால் கெடும். அந்தம்மா கையுறை மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு மெத்தையாகப் புரட்டச் சொல்லி, தையல் தையலாகப் பார்த்தார். புது மெத்தையில் பூச்சிக்கு எங்கே போவது? ஜன்னலுக்கு வெளியே வெயில் ஏறிக்கொண்டே போனது. நெட்டையன் ஓடி ஓடி மெத்தை புரட்டினான். இவ்வளவு சுத்தமான இடத்தைப் பார்த்ததே இல்லை என்று மேஸ்திரிக்குக் கைகொடுத்துவிட்டுத்தான் அவர் காரில் ஏறினார்.

நெட்டையன் சாவியை வாங்கி ஓடிப்போய் வேனைத் திறந்ததும் எல்லோரும் குழாயடிக்கு ஓடினார்கள். மச்சான் மட்டும் அழுக்குத் துணி மூட்டையில் சாய்ந்திருந்தார். நெட்டையன் கூப்பிட்டான், உலுக்கினான். வேன் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினான். மறுபடியும் தட்டினான்.

"ஷிப்டு முடிஞ்சுது மச்சான், எழுந்திரிங்க. மூட்டைப்பூச்சின்னு சொன்னேனே, பாவி நான்! எழுந்திரிங்க மச்சான்!"

மேஸ்திரி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தான். "சத்தம் போடாதடா. கார் இன்னும் கேட்டைத் தாண்டலை."

நெட்டையன் கையை உதறிவிட்டு, இன்னும் பலமாகத் தட்டினான்.