சுகுமாறன் பெயருக்கு வந்த நோட்டீஸ்

"அஞ்சு மணிக்கு நம்ம லைனக் கட் பண்றாங்களாம் அக்கா," என்று ஆபீஸில் வேலை செய்யும் பிரவீனா ஓடிவந்து சொன்னபோது மணி மூன்று இருபது.

மலேசியாவின் மாசாய் ஊரில் ஆயிரத்து நூறு வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் சின்னக் கம்பெனி யோகேஸ்வரியுடையது. கணவன் சுகுமாறனோடு சேர்ந்து தொடங்கியது. அவன் இறந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. ஜொகூர் பாருவில் ஓர் அறையில் ஒரு கேபிள் இவர்களையும் ஒரு பெரிய கம்பெனியையும் நேராக இணைத்தது. சுகுமாறன் பேசி வாங்கிய இணைப்பு அது. அதைப் பிடுங்கினால் பக்கத்துத் தெருவுக்குப் போகிற வீடியோகூடச் சிங்கப்பூர் போய்ச் சுற்றித்தான் வரவேண்டும். அந்த வழி ஒடுக்கமானது. ஷிப்ட் முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் சாயங்காலத்தில் மூச்சு முட்டிவிடும். ஒரு வாரம் பொறுப்பார்கள். அப்புறம் எல்லாரும் பெரிய கம்பெனிக்கே மாறிவிடுவார்கள்.

"முப்பது நாளைக்கு முன்னாடியே நோட்டீஸ் கொடுத்தாச்சாம் அக்கா."

"எனக்கு ஒன்னும் வரலையே!"

பெரிய கம்பெனியின் நெட்வொர்க் பிரிவுக்குத் தலைவர் விஜயேந்திரன். சுகுமாறனின் சவப்பெட்டியைத் தூக்கிய நால்வரில் ஒருவர். யோகேஸ்வரி அவரை அழைத்தாள்.

"போனதே யோகேஸ்வரி. ஒப்பந்தத்துல யார் பேரு இருக்கோ, அவங்க மெயிலுக்குத்தான் போகும்."

"யார் பேரு இருக்கு?"

"சுகு பேரு."

"நீங்க அவரத் தூக்கிட்டுப் போனீங்கண்ணே."

"நான் அனுப்பல லா. லீகல் டிபார்ட்மென்ட்டுல லிஸ்ட்டப் பாத்து அனுப்பிட்டாங்க. நீதானே பேர மாத்தல? அதுமில்லாம பதில் வேற வந்திருக்கு. 'கிடைத்தது, பார்த்துவிட்டுப் பேசுகிறேன்'னு. பதில் வந்த நாள்ல இருந்துதான் முப்பது நாள் கணக்கு."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சுகுமாறனே வைத்த தானியங்கிப் பதில் அது. அந்த மெயில் கணக்கை மூடிவிடலாமா என்று பிரவீனா இரண்டு முறை கேட்டிருக்கிறாள். இருக்கட்டும் என்றுதான் யோகேஸ்வரி சொன்னாள். வேலை முடிந்த பிறகு சில நாள் அவளே அந்த முகவரிக்கு வெற்று மெயில் ஒன்று அனுப்புவாள். உடனே அவன் பதில் வரும்.

"செத்தவரு எப்படிண்ணே பதில் போடுவாரு?"

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். லீகலுக்குப் பேப்பர்தான் தெரியும். இறப்புச் சான்றிதழ், பேர மாத்துன கடிதம், அந்தப் பதில் தானாத்தான் போச்சுன்னு ஆதாரம். நாலே முக்காலுக்குள்ள அனுப்பு. அந்த மெயிலையும் மூடிடு. நான் போய்ச் சண்ட போடறேன்."

சான்றிதழ் மேசை இழுப்பறையில் இருந்தது. கடிதத்தைத் தட்டச்சு செய்யும்போது 'காலமானார்' என்ற இடத்தில் மட்டும் இரண்டு தடவை அழித்து எழுதினாள். ஆதாரத்துக்கு, அந்த மெயிலில் இருந்து தானாகப் போன பதில்களின் பட்டியலைப் பிரவீனா எடுத்தாள். அவன் இறந்த பிறகு மட்டும் நூற்று நாற்பது. அதில் பாதிக்கு மேல் யோகேஸ்வரிக்கே போனவை.

பிரவீனா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "உங்க பேரு இருக்குற வரியெல்லாம் எடுத்துடவா அக்கா?"

மணி நாலு முப்பத்தெட்டு.

"வேணாம். ஒரு வரி குறைஞ்சாலும் மொத்தத்தையும் சந்தேகப்படுவாங்க. அப்படியே அனுப்பு."

"அத்தன பேரும் படிப்பாங்களே அக்கா..."

"படிக்கட்டும்."

அனுப்பினார்கள். அவன் மெயில் கணக்கை யோகேஸ்வரியே மூடினாள். மௌஸைப் பிரவீனாவிடம் கொடுக்கவில்லை.

ஐந்து மணி. திரையில் அந்தக் கேபிள் வழி ஓடும் டேட்டாவைக் காட்டும் பச்சைக் கோடு அந்தரத்தில் நின்றது போலிருந்தது. பிரவீனா நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து ஐந்து ஒன்று, ஐந்து இரண்டு என்று முணுமுணுத்தாள். கோடு விழவில்லை. ஐந்து ஆறுக்கு விஜயேந்திரன் அழைத்தார்.

"கட் பண்றத நிறுத்திட்டோம். அந்த லிஸ்ட்டப் பாத்ததும் லீகலே வேணாம்னுட்டாங்க. ஆனா மொத்தமா விடல யோகேஸ்வரி. புது நோட்டீஸ் உன் பேருக்கு வருது. இன்னையில இருந்து முப்பது நாள்."

பேசிக்கொண்டிருக்கும்போதே அது வந்து விழுந்தது. அவள் முழுதும் படித்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வரேன். உங்க முதலாளியையும் உட்காரச் சொல்லுங்கண்ணே."

"அவரு கேக்க மாட்டாரு."

"கேக்காட்டிப் போறாரு. நான் பேசறேன்."

போனை வைத்துவிட்டுப் பிரவீனா பக்கம் திரும்பினாள். "அவங்க கஸ்டமருங்க நம்ம வீடுகளுக்கு மாசத்துல எவ்வளவு டேட்டா அனுப்பறாங்க, எடு. லைனப் பிடுங்கினா அவங்களும்தானே சிங்கப்பூர் சுத்தி வரணும்?"