பதில் போடாதவர்கள்

பெலிக்ஸ் காலேஜைப் பாதியில் விட்டவன். ராஜபாளையத்தில் ஒரு மாடி ஆபீஸில் ராத்திரி ஷிப்ட் பார்த்தான். எங்கோ வெளிநாட்டு நோயாளிகள் கேள்வித்தாளில் எழுதித் தந்த பதில்களைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்கும் வேலை. பகலெல்லாம் தூங்குவான், அவன் எழும்போது ஊர் அடங்கத் தொடங்கியிருக்கும். அம்மா பரிபூரணம் இருந்தவரை போனில் திட்டவாவது ஆள் இருந்தது. அவள் செத்து ஒரு வருடம் ஆகப் போகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் போய்வந்த சர்ச்சின் ஹாலில் நினைவு ஜெபம் வைத்து, மதியம் சோறு போட நினைத்தான். அவளை நினைக்கத் தன்னைத் தவிர யாருமே மிச்சமில்லையோ என்ற பயம் அவனை அரித்துக்கொண்டிருந்தது.

சமையல்காரர் பால்பாண்டி போனில் பிடிவாதமாக நின்றார். "எத்தன இலைன்னு சொல்லுடே. அம்புட்டுத்தான் கேக்கேன்."

"வாரவிய வரட்டும் அண்ணாச்சி."

"வரட்டும்னு சொன்னா எம்புட்டு அரிசி போட?"

அம்மாவின் போனை எடுத்துச் சார்ஜ் போட்டான். அதிலிருந்த எல்லாருக்கும் இடமும் நாளும் எழுதி, 'வருவீர்களா? ஆம் அல்லது இல்லை' என்று அனுப்பினான். முக்கால்வாசிப் பேர் அவளோடு பேண்டேஜ் துணி மில்லில் வேலை பார்த்தவர்கள்.

அனுப்பிய ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம் வைத்து, வந்த பதில்களைப் பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஏற்றினான். சொற்களை வரிசையாக அடுக்கி, மொத்தத்துக்கும் ஒரு பெயர் வைக்கலாம், சீரீஸ் என்பார்கள். பரிபூரணம் என்று பெயர் வைத்தான். 'ஆமென்', 'சரிப்பா', ஒரு கும்பிடும் கை, சர்ச்சில் பழகிய எலினா டீச்சரின் 'குடும்பத்தோடு வாரோம்'. எல்லாவற்றையும் 'ஆம்' என்று மாற்றினான். 'இல்லை' என்றவர்களை மட்டும் காட்டச் சொன்னான். திரையில் காலி அடைப்புக்குறி வந்தது. பக்கத்தில் பெயர் மட்டும் நின்றது: பரிபூரணம்.

வரமாட்டேன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஆனால் முக்கால்வாசிக் கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. ஆபீஸில் இதற்கு ஒரே விதிதான்: பதில் இல்லாத கட்டம் என்றால் 'இல்லை'. ஒரு வரி எழுதினான். வெற்றுக் கட்டங்கள் எல்லாம் 'இல்லை' ஆயின. பால்பாண்டியிடம் பதினைந்து இலை என்றான்.

ஜெபம் தொடங்கியபோது எலினா டீச்சர் வீட்டாரும் இன்னும் சிலரும்தான் இருந்தார்கள். முதல் பாட்டு முடிவதற்குள் மம்சாபுரத்திலிருந்து ஒரு வேன் நிறைய மில் பெண்கள் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே சேத்தூர்க்காரர்கள் வந்தார்கள். ஹால் நிரம்பி வாசலிலும் ஆள் நின்றது. பெலிக்ஸுக்கு முதலில் நெஞ்சு நிறைந்தது. பிறகு பதினைந்து இலை சொன்னது நினைவுக்கு வந்தது.

அம்மாவுக்குப் பக்கத்துத் தறியில் நின்ற ஈஸ்வரியிடம் போனான். "ஏன் சித்தி, யாருமே பதில் போடலியே?"

"ஏலே கூறுகெட்டவனே, செத்தவ நம்பர்ல இருந்து மெசேஜ் வருது. என்னன்னுலே பதில் போட? இந்தா, ஜெயசித்ரா போனத் தூக்கிக் கீழ போட்டுட்டா."

"போடல. கை தவறி விழுந்துருச்சு," என்றாள் ஜெயசித்ரா.

"அது கெடக்கட்டும். கல்யாணத்துக்குத்தான்லே கூப்பிடணும். செத்த வீட்டுத் துட்டிக்கு வாரியா, வரலையான்னு எவனாவது கேப்பானா? நாங்களா வர மாட்டோம்?"

இது அவனுக்குத் தெரியாததல்ல. பிறந்த ஊர் வழக்கம். ராத்திரியில் கட்டங்களோடு உட்கார்ந்து உட்கார்ந்து மறந்திருந்தான்.

முதல் பந்தி பாதியிலேயே கரண்டி அண்டாவின் அடியைச் சுரண்டியது. பால்பாண்டி அவனைப் பார்த்தார். ஈஸ்வரி அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து பெண்களிடம் ஏதோ முணுமுணுத்தாள்.

"நாங்க வீட்ல சாப்பிட்டுத்தான்டா வந்தோம்," என்றாள் அவனிடம். "வயிறு திம்முனு இருக்கு. ஆளுக்கு ஒரு வாய் தண்ணி குடு."

தண்ணீர் குடித்தார்கள். பரிபூரணத்தின் போட்டோவைத் தொட்டுவிட்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

ஹாலைக் கூட்டிப் பூட்டிவிட்டுப் பெலிக்ஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். ஓரத்தில் புரோட்டா கடை. வாசலில் அந்த வேன் நின்றது. உள்ளே பெஞ்சுகள் நிறைய அதே பெண்கள். ஜெயசித்ரா தலை நிமிராமல் புரோட்டாவைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சால்னா ஊத்துப்பா, பசி உயிர் போவுது," என்றாள் ஈஸ்வரி. "பரிபூரணம் இருந்தா இந்நேரம் இவன்கிட்ட சண்டை போட்டுருப்பா, சால்னா தண்ணியா இருக்குன்னு."

எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருத்தி அம்மாவைப் பற்றி வேறொரு கதை எடுத்தாள்.

உள்ளே போக ஒரு அடி வைத்தான். அவனைப் பார்த்தால் அத்தனை கைகளும் இலையிலேயே நின்றுவிடும். வேனுக்குப் பின்னால் ஒதுங்கி, வெயிலில் நின்று கேட்டான். அவர்கள் கை கழுவ எழுந்தபோது ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி, கடை தெரியாத பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தான். அன்றும் ஷிப்ட் இருந்தது.