முந்நூறு பேர் என்று எழுதினேன்

1

இந்தக் கதை பஸ்ஸில் கிடைத்தது. கிடைத்தது என்பதே பொய். பத்து வருஷமாக என்னிடம்தான் இருந்தது. போன மாதம் பெருநகர் பஸ்ஸில் பாஞ்சாலி எனக்கு முன் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். இனிமேல் இதை ஒளித்துவைக்க முடியாது என்று ஆகிவிட்டது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"உத்திரமேரூரின் இளவெயிலில் அவளது நீண்ட விரல்கள் தந்திகளின் மீது..."

அடித்துவிட்டேன். பாஞ்சாலியின் விரல்கள் குட்டையானவை. நாற்று நட்ட விரல்கள். இன்னொரு ஆரம்பம்:

"1979ஆம் ஆண்டில் நமது வட்டாரத்தின் இளம் இசைக் கலைஞர்களை ஊக்குவிக்கும் நோக்கில்..."

இது ஆண்டுவிழா மலருக்குப் போக வேண்டியது. ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பாஞ்சாலிக்குப் பதினேழு வயதில் புல்புல்தாரா என்ற தந்தி வாத்தியம் வாசிக்க ஒரே ஓர் இடம் இருந்தது. அந்த இடம் மூடப்பட என் எழுத்து காரணம். பழி சுப்பிரமணி மேல் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

கதை முடிந்துவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்கிறீர்களா? அந்தப் பழி இன்றைக்கும் சுறுசுறுப்பாக வேலை செய்துகொண்டிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

2

அந்த இடம் ரஹமத்துல்லா பாயின் சினிமாக் கொட்டாய். உத்திரமேரூருக்கு வெளியே, கீற்று வேய்ந்த டூரிங் டாக்கீஸ். பக்கமெல்லாம் திறந்து கிடக்கும், இருட்டினால்தான் படம் தெரியும். பகலில் சும்மா இருக்கும் அந்தக் கொட்டாயை ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் எங்களுக்கு விட்டிருந்தார்.

(ஏன் விட்டார் என்பதற்கு இங்கே ஓர் உருக்கமான காரணம் எழுதியிருந்தேன். பாய்க்கு நன்றாகப் பாடும் ஒரு தம்பி, பதினைந்து வயதில் இறந்துபோனான் என்று. அப்படித் தம்பியே கிடையாது. பாய் சொன்ன காரணம் இது: "பகல்ல ஆடு பூந்து மணல் பூரா புழுக்கை போட்டுட்டு பூடுது. நீங்க ஒக்காந்துக்கினு கத்துனா ஆடு வராது.")

பாய் மூன்று சட்டம் போட்டிருந்தார். திரையைத் தொடக்கூடாது. போகும்போது மணலைக் கிளறிச் சமன் செய்துவிட்டுப் போக வேண்டும். மூன்றாவது சட்டம்தான் முக்கியம். யாரையும் வயது கேட்டுத் திருப்பி அனுப்பக்கூடாது. வந்தவர்களிலேயே சின்னது முதலில் வாசிக்கும். யாரும் சிரிக்கக்கூடாது.

"பெரிய ஆளு வாசிச்சப்புறம் கொழந்தைக்கு கை ஒதறும்பா. சின்னது மொதல்ல" என்பார்.

அதனால் ஆர்மோனியத்தில் நாலு கட்டை மட்டும் தெரிந்த ஆறாம் வகுப்புப் பையன் ஆரம்பிப்பான். எண்ணெய் டப்பாவில் தோல் கட்டிக்கொண்டு வரும் இரட்டையர் அடுத்து வருவார்கள். எங்களில் கெட்டிக்காரனான சுப்பிரமணி, பாங்கோவை மடியில் வைத்துக்கொண்டு, கடைசியில்தான் வாசிப்பான். திருவிழா மேடையும் கல்யாணப் பந்தலும் பெரிய குழுக்களுக்கு. அங்கே எங்களை மைக் ஒயர் சுற்றக்கூட விடமாட்டார்கள். கொட்டாயில் மட்டும் நாங்கள் வித்வான்கள். சந்தைக்கு வந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து கேட்பார்கள். எல்லாம் சேர்த்து அறுபது பேர் வருவார்கள்.

இந்த அறுபது என்ற எண்ணைத் தயவுசெய்து மறக்காதீர்கள்.

3

பாஞ்சாலி வாசிப்பதை நாங்கள் பார்த்ததில்லை. கேட்டிருக்கிறோம்.

கொட்டாயில் ஆண்கள் தரையையும் பெண்கள் தரையையும் பிரித்து இடுப்பளவுக்கு ஒரு மண்சுவர் உண்டு. உட்கார்ந்தால் அந்தப் பக்கம் தெரியாது. பாஞ்சாலி சுவருக்கு அந்தப் பக்கம் மணலில் உட்கார்ந்து வாசிப்பாள், சுப்பிரமணி இந்தப் பக்கம் இருந்து தாளம் போடுவான். ஒருவர் கையை ஒருவர் பார்க்காமல், காதை மட்டும் நம்பி. ஒரு தடவைகூட விட்டுப்போனதில்லை.

அவள் அம்மா ராணியம்மாள் சம்மதித்ததே அந்தச் சுவருக்காகத்தான். "பசங்களோட மேடையில ஏறுனா காலை ஒடிப்பேன். கொட்டாயில பொம்பளைங்க பக்கம் தானே கீறா, படம் பாக்கற மாதிரிதானே" என்று பாயிடமே சொல்லியிருக்கிறாள்.

(இந்த இடத்தில் சுப்பிரமணிக்கும் பாஞ்சாலிக்கும் காதல் என்று எழுதினால் பத்திரிகைக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். எழுதியும் பார்த்தேன், இரண்டு பக்கம். அவர்களுக்கிடையில் இருந்தது தாளம். அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு உரிமை இல்லை.)

4

நான் வேதகிரி. எனக்கு எந்த வாத்தியமும் வராது. தொண்டை, தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி. ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அடுத்து வாசிப்பவர் பெயரை அட்டையில் எழுதித் தூக்கிக் காட்டுவது என் உத்தியோகம். எல்லோருக்கும் கைதட்டல் விழுந்தது, எனக்கு விழவில்லை. நானும் ஏதாவது பெரிதாகச் செய்துகாட்ட வேண்டும் என்று இருந்தது.

அதனால் அரசாங்கத்துக்கு ஒரு பெட்டிஷன் எழுதினேன். எந்த ஆபீசுக்கு என்று சொல்லமாட்டேன், அவர்கள் மேல் குற்றமில்லை. இளம் கலைஞர்களுக்கு ஒரு சிமெண்ட் மேடையும் மைக் செட்டும் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். கேட்டதோடு நின்றேனா?

"ரஹமத்துல்லா அவர்களின் கொட்டகையில் ஞாயிறுதோறும் முந்நூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் திரண்டு, இடமின்றி நின்றபடியே..."

அறுபதை முந்நூறாக்கியது நான்தான். அறுபது என்றால் மேடை கொடுக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். 'இடமின்றி நின்றபடியே' என்று எழுதி முடித்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது. என் முதல் புனைவு அதுதான். கீழே எங்கள் பக்கத்து வழக்கப்படி 'இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்' என்று போட்டேன். தனி ஆள் பெயர் போட்டால் எவன் மதிப்பான்? யாரிடமும் சொல்லவில்லை. மேடை வந்ததும் சொல்லி அசத்தலாம் என்று இருந்தேன்.

பெட்டிஷன் அனுப்பிய மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீப் வந்தது. இரட்டையர்கள் டப்பா தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பெட்டிஷன் வந்துகீது" என்றார் அதிகாரி. "கீத்துக் கொட்டாயில முந்நூறு பேர அடைக்கிறீங்களாமே? ஒரு பீடித் துண்டு போதும்யா, எல்லாம் கரியா பூடும். சினிமாவுக்குத்தான் உனுக்கு லைசன்சு. இன்னொரு வாட்டி பகல்ல கும்பல் சேந்தா சினிமாவும் கிடையாது."

அவர் சொன்னது நியாயம். முந்நூறு பேர் இருந்திருந்தால்.

பாய் சுற்றிலும் பார்த்தார். "இன்னா பேஜார்பா இது" என்று மட்டும் சொன்னார். அப்புறம் எங்களைப் பார்த்து, "இத்த வச்சி அஞ்சு குடும்பம் சாப்புடுது, நைனா. வேற வழியில்ல" என்றார்.

5

எங்கள் ஊரில் பெட்டிஷன் என்றால் குற்றம் சொல்வதுதான். ஒருவரைப் புகழ்ந்து பெட்டிஷன் எழுதும் மடையன் இருப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை. போட்டது யார் என்ற கேள்விக்கு விடை கையிலேயே இருந்தது. சுப்பிரமணியின் சித்தப்பா ஏதோ ஒரு சர்க்கார் ஆபீசில் பியூன். போதாதற்கு முந்தின வாரம், ஆறு பொடியன்களுக்குப் பின்னால் காத்திருந்து அலுத்துப்போய், "இந்தக் கொட்டாய்க்கு ஒரு பூட்டு போட்டாத்தான் சரிப்படும்" என்று சுப்பிரமணி கத்தியிருந்தான்.

ஜீப் போனதும் பாஞ்சாலி சுவருக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றாள். அவள் வாசிக்கும் இடத்தில் வைத்து அவள் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

"உனுக்கு ஆயிரம் எடம் கிடைக்கும். எனுக்கு இத்த வுட்டா எங்க கீது? ஏன் இப்படிப் பண்ண?"

"நான் இல்ல" என்றான் சுப்பிரமணி.

யாரும் நம்பவில்லை. நான் பத்தடி தள்ளி, பெயர் அட்டையோடு நின்றிருந்தேன்.

(முந்தின பிரதியில் இங்கே, "நான் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் மாட்டுவண்டி ஒன்று..." என்று இருந்தது. வண்டி எதுவும் வரவில்லை. சொல்வதற்குத் தோதாக ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி இருந்தது. நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.)

அதன் பிறகு சுப்பிரமணியை யாரும் எந்தக் குழுவிலும் சேர்க்கவில்லை. பாஞ்சாலியை அடுத்த தையில் பெருநகரில் கட்டிக்கொடுத்தார்கள். லைசன்ஸ் முடிந்ததும் பாய் கொட்டாயைப் பிரித்து வேறு ஊருக்குக் கொண்டுபோனார். அவர் காலமாகி ஐந்து வருஷம் ஆகிறது. அவரிடம் சொல்லியிருக்க வேண்டிய நாள் போய்விட்டது.

6

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன். பாஞ்சாலியோடு எட்டு வயது மகளும் இருந்தாள். (பெயர் சொல்லமாட்டேன், பள்ளிக்கூடம் போகிற குழந்தை.) முன் சீட்டுக் கம்பியில் இரண்டு கை விரலாலும் தட்டிக்கொண்டே வந்தாள். சும்மா தட்டவில்லை, கணக்காகத் தட்டினாள்.

"பாட்டு கத்துக்குதா?" என்றேன்.

"எங்கண்ணா? சுப்பிரமணி, மாமனாரோட நெல்லு குடோன்ல ஞாயித்துக்கெழம புள்ளைங்கள ஒக்கார வச்சி சொல்லிக் குடுக்குதாம். எங்க வூட்லேர்ந்து ரெண்டு தெரு. இது போறேன் போறேன்னு உசுர எடுக்குது. பரண்ல கீற என் புல்புல்தாராவை எடுத்து எடுத்துத் தொடச்சி வைக்குது."

"அனுப்பறதுதானே?"

"அந்தக் கையாண்டயா? ஒரு எடத்தையே மூட வச்ச கைண்ணா அது. எங்க தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிகீறேன், ஒருத்தரும் அனுப்பாதீங்கன்னு."

அவள் இறங்கும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். என் பழைய வித்தை.

7

வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் கதையாக எழுதினேன். எல்லோர் பெயரையும் மாற்றினேன். அடுத்த ஞாயிறு அந்தப் பதினான்கு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனேன். நான்கே நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். இருப்பதிலேயே சின்னது முதலில் வாசித்துக்கொண்டிருந்தது. அடுத்த அறுப்புக்குள் இருபது பிள்ளைகளாவது சேராவிட்டால் குடோனை உர வியாபாரிக்கு விடப்போவதாகச் சுப்பிரமணியின் மாமனார் சொல்லிவிட்டாராம்.

சுப்பிரமணி மூட்டை மேல் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டாத குறையாக, எல்லாப் பக்கத்தையும் படித்தான். அடிப்பான் என்று நினைத்தேன்.

"இதுல எம் பேரு எங்கடா?"

"செல்வம்னு வருதே, அது நீதான். கதைன்னா பேர மாத்தித்தான்..."

"கெட்ட பேரு பத்து வருசமா எம் பேர்ல கீது. நல்ல பேரு மட்டும் எவனோ செல்வத்துக்கா?"

பெயர்களை மாற்றிவிடுகிறேன் என்றேன். (மாற்றிவிட்டேன். நீங்கள் படிப்பவை சொந்தப் பெயர்கள்.)

"அப்பவும் இது கதைதானே? மேல கதைன்னு போட்டா கதைன்னுதான் படிப்பாங்க. நல்லா எழுதிகீறான்னு உன்னத்தான் சொல்லுவாங்க. பாஞ்சாலி பத்திரிகை வாங்குதா? அவ வூடு ரெண்டு தெரு. நடந்து போய்ச் சொல்லு."

"நீயும் கூட வா."

"நான் அன்னிக்கே சொல்லிட்டன்டா, நான் இல்லன்னு. இனிமே நீதான் சொல்லணும்."

காகிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் போய்விட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னவன் மேல்தான் கோபம் சீக்கிரம் வருகிறது. அன்றைக்கு நான் அந்த இரண்டு தெருவை நடக்கவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, இந்த ஏழாம் பகுதியை எழுதினேன்.

8

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: நான் சொல்கிறேன், பாஞ்சாலி கண் கலங்குகிறாள், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு குடோனுக்கு நடக்கிறாள். அவள் கண்ணீரை நான் எழுதித் தீர்மானிப்பது அநியாயம்.

இரண்டு: முகத்தில் கதவைச் சாத்துகிறாள். எனக்கு அது தகும். ஆனால் கதவுக்கு உள்ளே அந்தக் குழந்தையும் அல்லவா அடைபடுகிறது?

மூன்று: எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பாஞ்சாலி என்னை நேராகப் பார்த்து,

இதற்கு மேல் பேனா ஓடவில்லை. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தைச் சொந்தமாக நிரப்பி ஒருமுறை செய்த காரியமே போதும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுதுகிறேன். பெருநகர் பஸ் நிற்கிறது. கண்டக்டர் டீ குடிக்கிறார். இந்த உறையைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு ஏற வேண்டும். ஏறினேன் என்று எழுதுவது எனக்குச் சுலபம், அதனால் எழுதமாட்டேன். இது அச்சில் வந்திருப்பதால் நான் போய்ச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். என்னை எனக்குத் தெரியும்.

நீங்கள் அந்தப் பக்கம் போகிறவராக இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பெருநகரில் இறங்குங்கள். நெல் குடோன் எது என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். உள்ளே எட்டிப் பாருங்கள். புல்புல்தாராவோடு ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தால், நான் போயிருக்கிறேன்.

இல்லாவிட்டால், அங்கிருந்து இரண்டு தெரு. பச்சைக் கதவு. தயவுசெய்து நீங்களே தட்டி, சுப்பிரமணி இல்லையம்மா, வேதகிரி என்று சொல்லிவிடுங்கள்.