இப்ப இல்லை

கிரீன்லாந்து மொழியில் 'உண்டு' என்று சொல்லத் தனிச்சொல் தேவையில்லை. பெயரின் வாலில் ஒரு விகுதியை ஒட்டினால் பெயரே வினையாகிவிடும். 'எர்னெக்' என்றால் மகன். 'எர்னெகார்புங்கா' என்றால் எனக்கு மகன் இருக்கிறான், 'எர்னெகாங்ஙிலாங்கா' என்றால் இல்லை. மகளுக்கு 'பனிக்'. இதைப் படித்து என்ன கிழிக்கப்போகிறாய் என்று பாரிஸ் புறநகரான கார்ஜில் எங்கள் கட்டடத்தில் கேட்காத ஆளில்லை. அம்மா மட்டும் கேட்டதில்லை.

அம்மாவின் குடியுரிமை நேர்முகத்துக்கு முந்தின ஞாயிறு, குசினி மேசையில் அவருக்கு ஒரு பிரெஞ்சு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். மோன் ஃபீஸ் எ தெசெதே. என் மகன் இறந்துவிட்டான்.

அண்ணா கிருஷிகனுக்கு அப்போது பதினாறு வயது. இலங்கையில் யுத்தம் முடிந்த கிழமை, விசாரித்துவிட்டு விடுவோம் என்ற ஆமிக்காரரின் பஸ்ஸில் அம்மாதான் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். அதோடு ஒரு தகவலும் இல்லை. இங்கே அகதி விசாரணையில் அம்மா, "மகன் இப்ப இல்லை" என்றார். மொழிபெயர்ப்பாளர் புதுச்சேரிக்காரர். அவர் ஊரில் ஒருவர் 'இப்ப இல்லை' என்றால் செத்துப்போனார் என்றுதான் அர்த்தம். அப்படியே எழுதிவிட்டார்கள். வாயும் பேப்பரும் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பக் கோப்பே திரும்பிவிடும் என்று எனக்குப் பயம்.

"அவன் செத்ததை ஆர் கண்டது?" என்றார் அம்மா.

"ஒருக்காச் சொன்னாப் போதும், அம்மா."

"உன்ரை அந்தப் பாசையிலை, இந்த 'இல்லை'யைத் தனியப் பிச்செடுக்கலாமோ?"

"ஏலாது. பிள்ளையோடை ஒட்டித்தான் நிக்கும்."

"நல்ல பாசை" என்றார். பிறகு வாயைத் திறக்கவே மாட்டேன் என்றார். எனக்கு வந்ததே கோபம். பதினாறு வருசமாக உங்களுக்கு ஒரு பிள்ளைதான், உயிரோடு இருக்கிற என்னைப் பார்த்தீர்களா என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. அம்மா என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, அந்த வசனத்தைப் பிழையில்லாமல் மூன்று தரம் சொன்னார்.

நேர்முகத்துக்கு அவர் தனியாகத்தான் உள்ளே போக வேண்டும். அரை மணியில் வெளியே வந்தார். "சொல்லிப்போட்டன்" என்றார்.

லா ஷப்பலில் இறங்கி ஒரு தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கினோம். தராசில் நின்ற ஷிரோமி கடைக்குப் புதிது. முருங்கைக்காயை நிறுத்தபடியே கேட்டாள்:

"அன்ரி, பிள்ளையள் எத்தினை?"

"ஒண்டு" என்றார் அம்மா. "பெடியன்."

நான் இரண்டு கையிலும் பையோடு பக்கத்தில்தான் நின்றேன். ஷிரோமி என்னைப் பார்த்தாள்.

"அப்ப இவ?"

"இது மொழிபெயர்க்க வந்த பிள்ளை."

அம்மா காசைக் கொடுத்துவிட்டு முருங்கைக்காயை வாங்கிக்கொண்டார். என் கையிலிருந்த பைகளையும், அந்நிய ஆளிடம் வாங்குகிற மாதிரி, ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார். "மெர்சி" என்றார். கார் து நோர் ரயில் நிலையப் பக்கமாக நடக்கத் தொடங்கினார்.

பனெகாங்ஙிலாக். அவளுக்கு மகள் இல்லை. வகுப்பில் இந்தச் சொல்லுக்கு எனக்கு முழுப் புள்ளி கிடைத்தது.