தாய்மாமனுக்கு அனுப்பிய லிங்க்

எங்கள் ஊர்க் கண்மாய் புதன்கிழமைதோறும் பன்னாட்டு இணையக் கூட்டத்தில் கலந்துகொள்கிறாள். பின்லாந்திலிருந்து ஓர் ஏரி, கென்யாவிலிருந்து ஒரு சதுப்பு நிலம், பெருவிலிருந்து ஒரு பனிமலை, கீழப்புங்கையிலிருந்து இவள். இணைப்புப் போட்டுக் கொடுப்பது என் வேலை. நான் கீழப்புங்கை உயர்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியை. பெயர் இந்திராணி. வருடக் கடைசியில் நன்றி சொல்லி ஒரு சான்றிதழ் வரும். அதிலும் என் பெயரைத் தப்பாகத்தான் போடுவார்கள்.

மடைக்கல்லின் மேல் லேப்டாப்பை வைத்து, வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தவளைகள் தொணதொணவென்று கத்துவதால் கண்மாய் பேசாத நேரத்தில் மைக்கை அணைத்துவிட வேண்டும். அவளுக்குப் பேச வேண்டுமென்றால் ஒரு கெண்டை மீன் துள்ளும். கை தூக்குகிறாள் என்று அர்த்தம்.

அவரவர் அவரவர் மொழியில் பேசுவார்கள். எல்லோரும் தண்ணீர் சம்பந்தப்பட்டவர்கள் என்பதால் புரிந்துகொள்வதில் சிரமம் இல்லை. பனிமலைக்கு மட்டும் கொஞ்சம் நேரமாகும். போன வருடம் சொன்ன ஒரு வேடிக்கைக்கு அது இந்த ஆடியில்தான் சிரித்தது. நாங்கள் அப்போது இரங்கல் கூட்டத்தில் இருந்தோம்.

இந்தப் பன்னாட்டுக் கூட்டத் திட்டத்தில் கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல் அமைதி என்று மூன்று பிரிவுகள். கல்விப் பிரிவில் பின்லாந்து ஏரி எங்கள் ஏழாம் வகுப்புக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறது. பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கற்றுக்கொண்டு, தலை சொட்டச் சொட்ட வெளியே வருவார்கள். துண்டு கொண்டுவராத பிள்ளையை நான் உள்ளே விடுவதில்லை. கார்த்திகை பிறந்துவிட்டால் அந்த ஏரி உறைந்துபோகும். அப்போது அது திரையில் அசையாமல் இருந்தால், நெட் போய்விட்டதா, கவனமாகக் கேட்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

மருத்துவப் பிரிவு டாக்டர் ஐனோவின் பொறுப்பு. அவரும் பின்லாந்துதான். அந்த ஏரிக்கரையில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்தபடி எங்களுக்கு நாடி பார்ப்பார். மூன்றாவதான அமைதிப் பிரிவில் எங்கள் ஊருக்கு மதிப்பெண் குறைந்துகொண்டே வந்தது. காரணம், தீர்த்துவைக்க எங்களிடம் சண்டை இல்லை. பிறகு சண்டை வந்தது.

மேலப்புங்கையில் இருக்கும் பெரிய கண்மாய் எங்கள் கண்மாய்க்குக் கூடப்பிறந்த அண்ணன். அவர் நிறைந்து வழிந்தால், அந்த மறுகால் தண்ணீர் வாய்க்கால் வழியாக எங்கள் ஊருக்கு வரும். வருடாவருடம் தங்கைக்கு அவர் செய்கிற சீர் அது. அதை நம்பித்தான் கீழப்புங்கையில் அத்தனை பேரும் நாற்று நடுகிறோம்.

ஐப்பசியில் எங்கள் கண்மாய் தன் மகளுக்குக் காதுகுத்து வைத்தாள். மகள் என்றால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற ஊருணி. வெளிநாட்டு நண்பர்களும் பார்க்க வேண்டும் என்று விழாவை இணையத்தில் வைக்கச் சொன்னாள். தேதி ஞாயிற்றுக்கிழமை. எல்லோருக்கும் லிங்க் அனுப்பினேன்.

“ஒங்க அண்ணனுக்கு?” என்று கேட்டேன். “தாய்மாமனாச்சே. வெத்தலை பாக்குத் தட்டோட நேர்ல போய் அழைக்கணுமே.”

“அவரு நம்ம அண்ணந்தானே டீச்சர். அவருக்கும் லிங்க்கையே தட்டி விட்டுருங்க” என்றாள்.

நான் அப்போதே சொன்னேன். யார் கேட்டார்கள்?

முகூர்த்த நேரம் வந்தது. ஆசாரி ஊசியோடு கரையில் நின்றார். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். திரையில் அண்ணனைக் காணோம். நேரம் தப்புகிறதே என்று எல்லோரும் திருதிருவென்று முழிக்க, பின்லாந்து ஏரி நல்ல மனதோடு, “என் மடி சும்மாதான் இருக்கிறது” என்றது. ஊருணியை அதன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினோம். பிள்ளை சளி பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். வந்திருந்த கொக்கு ஒன்று பந்தியில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, நேரே மேலப்புங்கைக்குப் போய் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டது.

அன்றைக்கு வாயை மூடியவர்தான் பெரிய கண்மாய். கார்த்திகை முழுக்க மேலப்புங்கையில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஒரு சொட்டு மறுகால் பாயவில்லை. வந்த தண்ணீரையெல்லாம் விழுங்கிக்கொண்டு வீம்பாக நின்றார். கரைக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் வழியாமல் நிற்பதை பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்தார்கள். “தாய்மாமன் கோபமா இருக்காப்ல” என்று சொல்லிவிட்டு டிக்கெட் எடுத்தார்கள்.

மார்கழியில் எங்கள் கண்மாய் மெலியத் தொடங்கினாள். என் வயலில் அப்போது நெல் கதிர் வாங்கும் நேரம். இந்தச் சமயத்தில் தண்ணீர் இல்லையென்றால் கதிர் வெளியே வரும், உள்ளே அரிசி இருக்காது. அத்தனையும் பதராகிவிடும். சொல்வதில் என்ன வெட்கம், இரண்டு தடவை அழுதேன். ஒரு தடவை வயலில். இன்னொரு தடவை அமைதிப் பிரிவுக்கு ஸ்லைடு தயாரிக்கும்போது.

டாக்டர் ஐனோ தெர்மாமீட்டரைச் சேற்றில் செருகச் சொன்னார். நல்ல காய்ச்சல் இருந்தது.

“பசி எடுக்கிறதா?” என்று கேட்டார்.

“பசியெல்லாம் இல்ல டாக்டரம்மா. அண்ணன் ஊருப் பக்கமிருந்து காத்தடிச்சாத்தான் நெஞ்சை அடைக்குது” என்றாள் கண்மாய்.

டாக்டர் அதைக் கேட்டுக்கொண்டு மருந்து சொன்னார். வேளைக்கு ஒரு வாய்க்கால் தண்ணீர், சாப்பாட்டுக்குப் பின். மருந்துக்கடையில் விசாரித்தேன். இருப்பு இல்லை, மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார்கள்.

புதன்கிழமை அமைதிப் பிரிவு கூடியது. கென்யாச் சதுப்பு நிலம்தான் தலைமை. இரண்டு யானைக் கூட்டங்களுக்குள் சமரசம் செய்துவைத்த அனுபவம் அதற்கு உண்டு. பெரிய கண்மாய் தவறாமல் வந்துவிட்டார். கோபமாக இருப்பதை நாலு பேர் பார்த்தால்தானே கோபத்துக்கும் ஒரு மரியாதை. மேலப்புங்கை ஊராட்சி அலுவலகக் கிளார்க் அவருக்கு இணைப்புப் போட்டுக் கொடுத்திருந்தார். பெரிய கண்மாய் கேமராவை மட்டும் வானத்தைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டார்.

அவரவர் மனதில் இருப்பதைச் சொல்லலாம் என்றது சதுப்பு நிலம்.

“தாய்மாமனுக்கு லிங்க்கா?” என்றது வானம்.

பனிமலை ஒரு வரைவுத் தீர்மானம் வாசித்தது. அது வாசித்து முடிப்பதற்குள் அதன் அடிவாரத்துக் கிராமத்தில் தேர்தல் வந்து, முடிந்து, பதவியேற்பும் ஆகிவிட்டது. அண்ணனும் தங்கையும் மனம்விட்டுப் பேசட்டும் என்று இணையத்திலேயே தனி அறை ஒன்றைத் திறந்து இருவரையும் அனுப்பினோம். தங்கை உள்ளே போனாள். அண்ணன் நிலைப்படியிலேயே நின்றுகொண்டார். பின்லாந்து ஏரி பனிக்கட்டிக்கு அடியிலிருந்து மன்னிப்புக் கேட்டது. மடியைக் கழுவிவிட்டதாகவும் சொன்னது.

“தாய்மாமனுக்கு லிங்க்கா?” என்றார் பெரிய கண்மாய்.

எங்கள் கண்மாயில் ஒரு கெண்டை அரைகுறையாக எழும்பி விழுந்தது. துள்ளுவதற்குத் தண்ணீர் போதவில்லை.

“டீச்சர், அந்த மைக்கை ஆஃப் பண்ணுங்க” என்றாள். பண்ணினேன். “நான் நேர்ல போயி அழைச்சுட்டு வந்துர்றேன்.”

“இந்த ஒடம்போடயா?”

“ஒடம்புன்னு ஒண்ணு இருக்கப்பவே போகணும் டீச்சர். இன்னும் நாலு நா விட்டா, போறதுக்கு நான் எங்க இருக்கேன்?”

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் புறப்பட்டோம். கண்மாய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ்ஸுக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. நல்ல நாளாக இருந்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருப்பாள். முன் சீட்டுக்காரர் தன் செருப்பு மிதந்து போவதாகச் சத்தம் போட்டார். அவள் மன்னிக்கச் சொல்லி, அலையை ஒதுக்கிக்கொண்டாள்.

கண்டக்டர் வந்து, பெண்கள் என்பதால் எங்கள் இருவருக்கும் இலவச டிக்கெட் கிழித்தார். கண்மாயோடு கூடவே ஏறி மேலே கம்பியில் உட்கார்ந்திருந்த நாரைகளைப் பார்த்துவிட்டு, “இதுகளுக்கு லக்கேஜ் போடணும்மா” என்றார்.

“அதுக பறந்தே வந்துரும் சார்” என்று ஜன்னல் வழியாக வெளியே விட்டேன். சொந்த றெக்கை இருக்கும்போது எதற்குப் பஸ்ஸில் ஏறுகின்றன என்று எனக்கும் எரிச்சல்தான்.

தாம்பூலத் தட்டு என் மடியில் இருந்தது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ, ஒரு சீப்பு வாழைப்பழம், குங்குமம். குங்குமம் நனையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

மேலப்புங்கையில் இறங்கினோம். பெரிய கண்மாய் எங்கள் தலைக்கு மேலே நின்றார். எங்களைப் பார்த்ததும் முகத்தை வானத்துக்குத் திருப்பிக்கொண்டார். கண்மாய் படி படியாகக் கரையேறினாள். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு தட்டை என்னிடமிருந்து வாங்கி அவர் முன்னால் வைத்தாள்.

“அண்ணே, என் மகளுக்குக் காதுகுத்து. நீங்க வந்து மடியில ஒக்கார வைக்கணும்.”

“அதான் குத்தியாச்சுன்னு சொன்னாங்களே.”

“மாமன் மடியில ஒக்காராமக் குத்துனா அது வெறும் ஓட்டைதாண்ணே. காதுகுத்து ஆகுமா?”

பெரிய கண்மாய் அப்போதுதான் குனிந்து பார்த்தார். படிக்கட்டில் ஓர் அண்டா தண்ணீர் அளவுக்குத் தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

“என்ன புள்ள இது? இம்புட்டுத்தானா நீ?”

“இம்புட்டுத்தாண்ணே.”

நாரைகள் வந்து சேர்ந்து கரையில் வரிசையாக நின்றன.

“அது ஞாயித்துக்கெழமை ஆத்தா” என்றார் கடைசியில். “கிளார்க்குக்கு லீவு. லிங்க்கு வந்தது தெரியும். தொறக்கத்தான் தெரியல. நாலூருக்குத் தண்ணி குடுக்குறவன், இதைத் தொறந்து குடுன்னு யாருகிட்டப் போயிக் கேக்குறது?”

“அதைச் சொல்லியிருக்கலாமேண்ணே.”

“கோவமா இருக்கேன்னு சொல்றது சுளுவா இருந்துச்சு.”

சொல்லிவிட்டு அழுதார். அழுததும் கரைக்கு மேல் நின்ற தண்ணீர் மொத்தமும் சடாரென்று இறங்கி மறுகால் பாய்ந்தது. நான் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். குங்குமம் நனையவில்லை.

சீரை வேறு ஆள் கையில் கொடுத்தனுப்ப அவர் சம்மதிக்கவில்லை. தானே புறப்பட்டார். பஸ்ஸில் இடம் காணாது என்பதால் வாய்க்கால் வழியாக நடந்து வந்தார். முன்னால் மேளம். பின்னால் மேலப்புங்கைப் பெண்கள் வரிசைத் தட்டுகளில் அயிரை, குரவை, விரால், தாமரைக்கிழங்கு என்று ஏந்தி வந்தார்கள். ஊருணியை மடியில் உட்காரவைத்து, பழைய ஓட்டைக்குச் சற்று மேலே மறுபடி காது குத்தினோம். பிள்ளை வீறிட்டு அழுதாள். போன தடவை ஏரியின் குளிரில் மரத்துப்போனதால் அவளுக்கு வலிக்கவே இல்லையாம்.

விருந்துக்குப் போகும் வழியில் பெரிய கண்மாய் கொஞ்ச நேரம் என் வயலில் உட்கார்ந்து இளைப்பாறினார். வெடித்துக் கிடந்த மண் மூடிக்கொண்டது. நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷம் தாங்காமல், கட்டியிருந்த பட்டுச்சேலையோடு வயலில் இறங்கிவிட்டேன்.

விருந்து முடிந்ததும் கிளம்புகிறேன் என்று எழுந்தார். எங்கள் கண்மாய், “இருந்து சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே” என்றாள். மறுநாளும் எழுந்தார். மறுநாளும் அதையே சொன்னாள். அதற்குப் பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே கரைக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். டாக்டர் ஐனோ தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, காய்ச்சல் சுத்தமாக விட்டுவிட்டது, தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்றார்.

அடுத்த புதன்கிழமை மேலப்புங்கைக்காரர்கள் கூட்டத்துக்கு வந்து, தங்கள் ஊரில் இப்போது கண்மாயே இல்லை, தங்கள் பயிருக்கு என்ன வழி என்று கேட்டார்கள். நியாயம்தான். எல்லோரும் பின்லாந்து ஏரியைப் பார்த்தார்கள். அது அசையாமல் இருந்தது. நெட் போய்விட்டது என்று நினைத்தோம். அது கிளம்பி வந்துகொண்டிருந்தது.

உறைந்தபடியே லாரியில் வந்து மேலப்புங்கையில் இறங்கியது. மடி கொடுத்த தப்புக்கு, பெரிய கண்மாய் திரும்பும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னது. முதல் வாரம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரார் ஆளுக்கொரு சொம்பு மோர் கொண்டுபோய் ஊற்றினார்கள். பிறகு உருகி, சரியாகிவிட்டது.

தை முடிவதற்குள் அறுவடை ஆனது. என் வயலில் பதர் என்று பேருக்குக்கூட இல்லை. மேலப்புங்கையில் இந்த வருடம் பின்லாந்துத் தண்ணீர் குடித்த நெற்கதிரில் நீலநிறமாக, உருண்டை உருண்டையாக அந்த நாட்டுக் காட்டுப்பழம் ஒன்று காய்த்திருக்கிறது. அடித்து, தூற்றி, மூட்டை கட்டிவிட்டார்கள். நேற்று எனக்கும் ஒரு படி கொடுத்தனுப்பியிருந்தார்கள். களைந்து உலையில் போட்டேன். ஊதா நிறத்தில் கஞ்சி வடிந்தது. சாம்பார் சரிப்படவில்லை. ரசத்துக்கு நன்றாக இருக்கிறது.