மூன்று வெள்ளை, ஒரு சிவப்பு

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் காலையில், ஜெயக்கொடியின் விளக்குகள் தப்பாகக் காட்டுகின்றன என்று இரண்டு விமானிகள் அடுத்தடுத்துப் புகார் சொல்லிவிட்டார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாளா அவள்? நேரே மேலதிகாரி முன்னால் போய் நின்றாள்.

“என் லைட்டு சரியாத்தான் கீது சார். நேத்து சாயங்காலம் நாலையும் நானே அளந்து வெச்சேன்.”

ஓடுபாதை ஓரமாக அவள் பார்த்துக்கொள்ளும் விளக்குப் பெட்டிகள் நாலு. சரியான சரிவில் இறங்கும் விமானிக்கு இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரியும். உயரே போனால் வெள்ளை கூடும், தாழ்ந்தால் சிவப்பு கூடும். மேகம் மறைத்தால் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்குத்தான் ரேடியோ பிரிவு தோத்தாத்ரி பார்த்துக்கொள்ளும் கருவி. அதே சரிவை விமானியின் முன்னால் ஒரு முள் காட்டும். இன்றைக்கு முள் நடுவில் நிற்கிறது, விளக்கோ மூன்று வெள்ளை, ஒரு சிவப்பு என்கிறது. அதை நம்பி இன்னும் இறக்கினால் விமானம் தாழ்ந்துவிடும். அந்த வழியில்தான், அனகாபுத்தூரில், அவள் வீட்டு மொட்டைமாடி இருக்கிறது.

“போன மாசம்தான் விமானத்த வெச்சே என் கருவிய செக் பண்ணாங்க. முள் தப்பாது. உன் லைட்டக் கொஞ்சம் தூக்கி வைம்மா, முடிஞ்சுபோச்சு,” என்றார் தோத்தாத்ரி.

“அளக்காம கை வெக்க மாட்டேன்.”

விளக்குப் பிரிவில் அவள்தான் முதல் பெண். வேலை நிரந்தரமாவதற்கு இந்த மாதக் கடைசியில் மேலதிகாரி தேவானந்தம் கையெழுத்துப் போட வேண்டும். பொம்பளைக்கு இது சரிப்படுமா என்று பத்து மாதமாகக் கேட்ட வாய்களுக்கு அவல் கொடுப்பதா? அதுவும் இந்த நேரத்திலா?

“இந்த ரன்வேல பதினொண்ணரைக்கு அடுத்த ஃபிளைட். அதுக்குள்ள யார் தப்புன்னு எனக்குத் தெரியணும்,” என்றார் தேவானந்தம்.

ஈரப் புல்லில் விடுவிடென்று நடந்தாள். சாய்வு அளக்கும் லெவலை ஒவ்வொரு பெட்டியின் மேலும் வைத்துப் பார்த்தாள். நாலும் சொன்ன அளவில் நின்றன. திரும்பி வந்து, “பாத்துட்டேன் சார், நாலும் கரெக்ட். அவரு கருவியப் பாருங்க,” என்றாள்.

“உன் லெவலே தப்பா இருந்தா?” என்றார் தோத்தாத்ரி.

சுருக்கென்றது. “இன்னா சார் பேசுறீங்க?” என்று லெவலைச் சோதனைப் பலகையில் வைத்தாள். பூஜ்யத்தில் நிற்க வேண்டியது சற்றே ஏறி நின்றது. பலகைதான் கோணல் என்று முனை மாற்றித் திருப்பி வைத்தாள். பலகை கோணலாக இருந்தால் இப்போது அளவு எதிர்ப்பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதே பக்கம், அதே ஏற்றம்.

கவிழ்த்துப் பார்த்தாள். அடிப்பாகத்தின் ஒரு முனையில், நகத்தின் கனத்துக்கு, சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. அட கடவுளே! பூஜையன்று எல்லாக் கருவிக்கும் பொட்டு வைத்தபோது, லெவலின் கண்ணாடியில் வைத்தால் அளவு மறையுமே என்று அடியில் வைத்தவள் அவளேதான். மறுநாள் துடைத்தாள், ஆனால் தடவிப் பார்க்கவில்லை. அதை நம்பித்தான் நேற்று நாலு பெட்டியையும் தாழ்த்தி வைத்திருக்கிறாள். அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது.

தோத்தாத்ரி சிரிக்கவில்லை. அவள் போனை எடுத்தாள்.

“டவரா? லைட்டிங் ஜெயக்கொடி. அந்த நாலு லைட்டையும் அணைச்சிடுங்க. அத நம்பி யாரும் இறங்க வேணாம். தப்பு என்னுது.”

சந்தனத்தைச் சுரண்டி எடுத்து, லெவலை மறுபடி சோதித்து, நாலு பெட்டியையும் புதிதாக அளந்து வைத்து, விளக்குகளை மறுபடி போடச் சொன்னாள். பதினொன்றரை மணி விமானத்திலிருந்து தகவல் வந்தது: முள் நடுவில், இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

தேவானந்தம் பதிவேட்டைத் திறந்தார். “மழையில தரை இறங்கிடுச்சுன்னு எழுதிடும்மா. கையெழுத்துப் போடற நேரத்துல எனக்கும் சிக்கல் வேணாம்.”

ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. பேனாவை வாங்கிக்கொண்டாள்.

“மழைன்னு எழுதினா அடுத்த பூஜைக்கும் யாராச்சும் அடியில சந்தனம் வெப்பாங்க சார். கீழ கீறது எங்க வூடு.”

நடந்தது நடந்தபடி எழுதி, தன் பெயரை முழுசாகப் போட்டாள். தேவானந்தம் இரண்டு தடவை படித்துவிட்டு, அதன் கீழே தானும் கையெழுத்துப் போட்டார்.

தோத்தாத்ரி மேஜை மேலிருந்த ஈரத் துணியை எடுத்துக்கொண்டு, தன் கருவி அறைப் பக்கம் வேகமாக நடந்தார்.